“அந்த ஆளைத் தண்டி” என்று தில்லைக்காளியிடம் கேட்டேன்

தில்லைக்காளியை நம்புகிறவர்களுக்கும், இனிமேல் நம்பப் போகிறவர்களுக்கும் வணக்கம். எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். இதில் பக்தியைவிடக் கோபம் அதிகமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவளே பொறுத்துக்கொண்டாள்.

என் பெயர் பவித்ரா. கடலூர் பக்கம் மேல்பட்டாம்பாக்கம் சொந்த ஊர். அப்பா கரும்பு போடுகிறவர். அம்மாவின் பிறந்த வீடு சிதம்பரத்தில். நான் விமானத்தில் பணிப்பெண். கம்பெனியின் பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

போன வருஷம் ஆனி மாதம், சென்னையிலிருந்து டெல்லிக்கு மதிய விமானம். அதற்கு முந்தைய ஊரிலிருந்தே தாமதமாக வந்திருந்தது. ஒரு பக்கம் குப்பை அள்ளிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் ஆட்களை ஏற்றச் சொல்லி விரட்டினார்கள். பின்பக்கத்தில் சாப்பாட்டு ட்ராலிகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ட்ராலியின் அடியில் காலால் மிதிக்கிற மாதிரி ஒரு சிவப்புக் கட்டை இருக்கும். அதுதான் பிரேக். ஒரு ட்ராலியில் அதை மிதித்தேன். ட்ராலி பாட்டுக்கு நகர்ந்தது. இன்னும் அழுத்தி மிதித்தேன். அப்போதும் நகர்ந்தது.

அன்று எங்கள் குழுவுக்குத் தலைமை ரீனா மேம். பின்வரிசைகளில் ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருக்கும்போதே, பின்பக்கம் வந்த அவரிடம் சொன்னேன்.

“மேம், இந்த ட்ராலில பிரேக் பிடிக்கல.”

“டெல்லில மாத்திக்கலாம் பவி. இப்ப இன்ஜினியரக் கூப்பிட்டா இன்னும் லேட் ஆகும்.”

“ஆள் மேல போய் மோதுனா என்ன மேம் பண்றது?”

“கையால புடிச்சிக்க. என்ன, வேலைக்குப் புதுசா நீ?”

அத்தோடு பேச்சு முடிந்தது.

கடைசி வரிசையில் நடைபாதை ஓரமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஏறியதிலிருந்தே அவருக்கும் எனக்கும் ஆகவில்லை. அவர் சீட் சாயவில்லை. முன்னால் இருந்த சாப்பாட்டுப் பலகை ஒரு பக்கமாகத் தொங்கியது. மேலே ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், நேராக அவர் தோளில். இதில் எதுவும் அவர் தப்பில்லை. என் தப்பும் இல்லை. ஆனால் திட்டுவதற்குத் தோதாக எதிரே நின்றது நான்தான்.

“என்னாம்மா இது? திட்டக்குடிலேருந்து கருக்கல்ல பஸ் ஏறி வந்தவன் நானு. காசும் குடுத்துட்டு மழையிலயும் நனையணுமா?”

“சாரி சார். டிஷ்யூ வச்சு அடைச்சு உடுறேன். நானும் நம்ம பக்கம்தான் சார், மேல்பட்டாம்பாக்கம்.”

ஊர்ப் பேரைச் சொன்னால் கொஞ்சம் இறங்கி வருவார் என்று நினைத்தேன்.

“அப்ப இன்னும் ஜாஸ்தியா கவனிக்கணும் நீ. போ, ஒங்க பெரிய ஆளக் கூப்புடு.”

மாற்றி உட்கார வைக்க ஒரு சீட் கூடக் காலி இல்லை. அவர் மணியை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் கடந்து போகும்போதெல்லாம் சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார். நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்கும் எங்களுக்குப் பயிற்சி உண்டு.

சாப்பாடு கொடுத்து முடித்து அந்த ட்ராலியைப் பின்பக்கம் கொண்டுவந்தோம். பின்னால் நான், முன்னால் இன்னொரு பெண். சீட் பெல்ட் விளக்கு எரிந்தது. எரிந்த வேகத்தில் விமானம் பள்ளத்தில் விழுந்த மாதிரி இறங்கியது. முன்னால் இருந்தவள் பிடியை விட்டு யார் மடியிலோ போய் விழுந்தாள். பறக்கிற விமானத்துக்கு மூக்கு எப்போதும் கொஞ்சம் தூக்கியபடிதான் இருக்கும். ட்ராலி முழு பாரத்தோடு பின்பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது. சிவப்புக் கட்டையை மிதித்தேன், மிதித்தேன். நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெரியவர் எழுந்து நடைபாதையில் நிற்கிறார். மேலே கையைக் காட்டி, “இங்க பாரு, திருப்பியும் தண்ணி…” என்கிறார்.

“உட்காரு! உட்காருன்னா உட்காரு!” என்று கத்தினேன். இடது கையால் அவரைச் சீட்டுக்குள் தள்ளினேன். வலது கை ட்ராலிக்கும் அவர் சீட்டின் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ‘மளுக்’ என்று ஒரு சத்தம். அது என் விரல்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

இரண்டு விரல் முறிந்தது. டெல்லியில் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. முன் சீட்டிலிருந்து யாரோ எடுத்தது. அதில் ட்ராலி இல்லை. என் நசுங்கிய கை இல்லை. நான் கத்துவதும், வயதானவரைப் பிடித்துத் தள்ளுவதும் மட்டும் இருந்தது. ‘பெரியவரை ஒருமையில் பேசும் திமிர் பிடித்த பணிப்பெண்’ என்று தலைப்பு வேறு. அடியில் என்னென்ன எழுதியிருந்தார்கள் என்பதை இங்கே எழுத என் கை கூசுகிறது. எழுதியவர்கள் கை கூசவில்லை.

கம்பெனி என்னைப் பறக்கும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. பிரேக் போட மறந்தேன், பயணியைத் தள்ளினேன் என்று இரண்டு குற்றச்சாட்டு. டெல்லியில் அந்த ட்ராலியை இறக்கிவிட்டார்கள். அது எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பிரேக் பற்றித் தன்னிடம் யாருமே சொல்லவில்லை என்று ரீனா மேம் சொல்லிவிட்டார். நம்ப முடியாமல் அவருக்கே போன் போட்டேன்.

“மேம், நான் சொன்னேன்ல? கையால புடிச்சிக்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்கு பவி,” என்றார். போன் கட்டாகிவிட்டது.

கட்டுப் போட்ட கையோடு ஊருக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக் கேட்டார். “என்னா இருந்தாலும் வயசானவர அப்பிடிப் பேசலாமா பாப்பா?” அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அது அதைவிட எரிச்சலாக இருந்தது. சாப்பாட்டை இடது கையால் அள்ளிச் சாப்பிட முடியாமல் ஒரு நாள் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

அம்மாதான் ஆடி முதல் வெள்ளிக்கு என்னைச் சிதம்பரம் கூட்டிப் போனார். அங்கே செல்வம் மாமா, அம்மாவின் தம்பி, டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் கடையின் இணையக் கணக்கிலிருந்தே அந்த வீடியோவுக்கு அடியில் ஒவ்வொருவருக்கும் பதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ‘டேய், அது என் அக்கா பொண்ணுடா’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். ‘அண்ணே, ஸ்கூட்டருக்கு பிரேக் ஒயர் இருக்கா’ என்று ஒருத்தன் அதற்கடியில் கேட்டிருந்தான்.

தில்லைக்காளி கோயிலில் அன்று நெருக்கித் தள்ளும் கூட்டம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே அம்மனுக்கு இரண்டு சந்நிதி. ஒன்றில் கோபத்தோடு இருக்கும் காளி, உடம்பெல்லாம் குங்குமம், வெள்ளைப் புடவை. இன்னொன்றில் கோபம் தணிந்த நான்கு முகத்து அம்மன். அம்மா சாந்தமானவளிடம் என்னை இழுத்தார். நான் வரவில்லை. கோபக்காரியின் முன்னால் போய் நின்றுகொண்டேன். கும்பிட ஒரு கை தூக்க முடியவில்லை. நெஞ்சில் பக்தி என்று ஒன்றும் இல்லை. வாய்விட்டே கேட்டேன்.

“ஆடத் தெரியாமயா நீ தோத்த? ஆட்டப் போட்டியில உன் புருஷன் காலைத் தலைக்கு மேல தூக்குனாரு. நீ பொம்பள, தூக்க மாட்டேன்னு நின்ன. அதுக்கு உன்னக் கொண்டாந்து ஊர் எல்லையில உட்கார வச்சாங்க. என் வயித்தெரிச்சல் உனக்குத் தெரியாதா? அந்த ஆளத் தண்டி. சொடக்குப் போட்ட கை நசுங்கணும். ரீனா மேம் சொன்ன பொய் நாலு பேர் முன்னாடி உடையணும். முடியலன்னா சொல்லிடு, நான் இந்தப் பக்கமே வரல.”

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்தார்.

“மெதுவா கேளுடி. அவுங்களுக்குக் காது கேக்கும்.”

“கேக்குதுன்னா ஏன் சும்மா உட்காந்திருக்கா?”

அழுகை வரவில்லை. பூசாரி நெற்றியில் வைக்கக் குங்குமம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மாமாவின் கடையில் இருக்கும்போது கம்பெனியிலிருந்து போன் வந்தது. சென்னையில் நடக்கும் விசாரணைக்கு அந்தப் பயணியே நேரில் வந்து பேசப் போகிறாராம். திட்டக்குடியிலிருந்து சொந்தச் செலவில் வருகிறாராம். நான் போனை வைத்துவிட்டு மாமாவிடம் சொன்னேன்.

“பாத்தீங்களா மாமா உங்க காளிய? தண்டிக்கச் சொன்னா, அந்தாளுக்கு பஸ் ஏத்தி உட்டிருக்கா.”

“வரட்டும் பாப்பா, நானும் வரேன். ஒரு கை பாத்துர்றேன்,” என்றார் மாமா.

விசாரணையன்று சென்னை ஆபீஸில் மாமாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நீளமான மேசை. அதிகாரிகள், ரீனா மேம், நான். பெரியவர் ஒரு துணிப்பையோடு வந்து உட்கார்ந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓர் அதிகாரி மிகவும் மரியாதையாகத் தொடங்கினார்.

“சார், இவங்க உங்களப் பிடிச்சுத் தள்ளினதப் பத்தி சொல்லுங்க.”

“அதுக்கு அப்பறம் வரேன். மொதல்ல இதப் பாருங்க.” பையிலிருந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தார். தோளில் பழுப்பாக ஒரு கறை. “தொவைச்சும் போவல. இதுக்கு யாரு பதில் சொல்றது? சீட்டு சாயல. பலகை தொங்குது. பறக்க மட்டும் அந்த பிளேனு எப்பிடி மறக்காம இருக்கு, அதுதான் எனக்கு அதிசயம்.”

“அதெல்லாம் நோட் பண்ணிக்கிறோம் சார். இந்தப் பொண்ணு…”

“இந்தப் பொண்ணு என்னா பண்ணும்? வண்டில பிரேக் இல்லன்னு சொல்லுச்சே இந்தம்மா கிட்ட!” விரலை நேராக ரீனா மேமிடம் நீட்டினார். “நான் கடைசி சீட்டு. பின்னாடி பேசறது பூரா எனக்குக் கேக்கும். கையால புடிச்சிக்கன்னு இந்தம்மா சொன்னாங்க. பிரேக் இல்லாத வண்டியக் குடுத்துட்டு, தள்ளுன ஆளப் புடிச்சி விசாரிக்கிறீங்களா? அந்தக் கை குறுக்க வரலன்னா என் முட்டி போயிருக்கும்யா!”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“இத ஏன் சார் முன்னாடியே சொல்லல?”

“சொல்லலன்னா? அன்னிக்கே போன் பண்ணேன். ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு ஒரு மிஷினு பேசுது. மனுசனே பேச மாட்டானான்னு கத்துனதுக்கப்பறம், நேர்ல வாங்கன்னான். வந்துட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். “ஆனா இந்தப் பொண்ணு என்னப் பாத்து ‘உட்காரு’ன்னுச்சி. என் பொண்டாட்டி கூட அப்பிடிச் சொன்னதில்ல. அது தனி.”

மன்னிப்புக் கேள் என்று அதிகாரி கண்ணால் காட்டினார். எனக்கு வாய் வரவில்லை. வந்தது இதுதான்:

“அந்த நேரத்துல ‘ங்க’ போட நேரம் இல்ல சார்.”

அவர் என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார்.

“ம். அதுவும் சரிதான்,” என்று சட்டையை மடிக்கத் தொடங்கினார்.

அதிகாரி ரீனா மேமிடம் மறுபடி கேட்டார். இந்தத் தடவை அவர், “சொன்னா. ஞாபகம் இருக்கு,” என்றார். அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் இந்தச் சாட்சியம் அழகாக இருக்கும். வரவில்லை.

வெளியே மாமா விஷயம் தெரிந்து பெரியவரின் காலிலேயே விழப் போனார்.

“எழுந்திருய்யா. சட்டைக்கு ஒரு பதிலும் சொல்லல பாத்தியா இவனுங்க?” என்று திட்டிக்கொண்டே லிஃப்டில் இறங்கிப் போய்விட்டார். எனக்கு நன்றி என்று ஒரு சொல் இல்லை. நானும் சொல்லவில்லை. இருவரும் அப்படித்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் யாரை நசுக்கச் சொன்னேனோ அவர் வாயாலேயே என்னை மீட்டிருக்கிறாள் காளி. நல்ல மனிதர் யாராவது வந்து இதமாகச் சொல்லியிருந்தால், குறித்துக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். மேசையில் சட்டையை விரித்துக் கத்துகிற ஆள்தான் அங்கே தேவைப்பட்டார். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. விழுப்புரம் தாண்டியபோது அழ ஆரம்பித்தேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை திரும்பக் கிடைத்தது. ஒரு விரல் முழுதாக மடங்காது. கம்பெனி வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீடியோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் மாறிவிட்டேன். போன மாதம் ஒரு விமானத்தில் சாப்பாடு சூடாக்கும் அடுப்பின் கதவு மூடவில்லை. புதிதாக வந்த குழுத் தலைவர், பார்த்துக்கொள்ளலாம் என்றார். முடியாது என்றேன். கேப்டனிடமே போய்ச் சொன்னேன். அந்த அடுப்பை உபயோகிக்காமல் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினோம். வழி முழுக்க ஆறின சாப்பாட்டுக்காக வரிசை வரிசையாகத் திட்டு வாங்கினேன். ஒருத்தர், “இதுகூடப் பண்ண முடியலன்னா எதுக்கு நீங்கல்லாம்?” என்றார். அவர் பத்திரமாகப் போய் இறங்கினார். அதுவே எனக்குப் போதும்.

அநியாயத்தால் வயிறு எரிந்துகொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன். மனசு அடங்கட்டும், பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அழுகை வராவிட்டாலும் வாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டே வாருங்கள். என்ன வேண்டும் என்று அவளிடம் சத்தமாகவே கேளுங்கள். யாரை அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள்.