எடை மேடைக்கு எக்ஸ்பி போடலாமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. புதுவாயல் கூட்ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னாம்மா, பஸ்ஸு இப்ப வராது. உள்ள வா. ஒரு விஷயம் கேக்கணும்."

ரஹ்மத் அக்கா. பஸ் நிறுத்தத்துக்கு நேர் பின்னால் லாரி எடை மேடை வைத்திருப்பவர். அவருடைய கணவர் காதர் பாய்க்குப் பழவேற்காட்டில் இறால் வியாபாரம். அதனால் மேடை, அதன் ஓரத்தில் இருக்கும் கண்ணாடி அறை, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் அக்காவின் ராஜ்ஜியம். லாரி ஏறி நிற்கும். சிவப்பு எண்கள் துள்ளி அடங்கும். அக்கா இரண்டு பட்டன் தட்டுவார். சீட்டு வரும். லாரி இறங்கிப் போகும்.

உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மாத்தலாமா, வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லு."

"எதை அக்கா?"

மேஜைக்கு அடியில் பழுப்பேறிக் கிடந்த கம்ப்யூட்டரைக் காலால் காட்டினார். உள்ளே இருப்பது விண்டோஸ் 98. நெடுஞ்சாலையின் தூசி பாதி, சாஃப்ட்வேர் பாதி என்று ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்.

நான் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் என்பது இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் இது ஒரு ஆபத்தான படிப்பு. செல்போன் சார்ஜ் ஏறவில்லை என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள், டிவியில் புள்ளி வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் அக்கா கேட்ட கேள்வி அப்படிப்பட்டதல்ல. நம்மில் பலர் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான். உங்களில் சிலர் எனக்கு எழுதியும் கேட்டிருக்கிறீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

அக்காவின் தம்பி ஷெரீப், அறையின் மூலையிலிருந்து பதில் சொன்னான்.

"நல்லா ஓடுதா? நேத்து மூணு லாரி நிக்கிது, இது நீலக் கலர்ல ஸ்கிரீனைக் காட்டிகினு நிக்கிது. டிரைவருங்க ஹாரன் அடிச்சே கொன்னுட்டானுங்க. கேளு உங்க அக்காவை."

"உனுக்கு அக்கா இல்லியாடா நானு?"

"கம்ப்யூட்டர் விஷயத்துல இல்ல."

சண்டையை ஒதுக்கிவைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டேன். கூட்ரோட்டின் எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு எடை மேடை வந்திருக்கிறது. பெரிய மேடை. தட்டையான மானிட்டர், ஏசி அறை. அக்காவிடம் வந்துகொண்டிருந்த லாரிகளில் பாதி இப்போது அந்தப் பக்கம் திரும்புகின்றன. இந்த நேரத்தில்தான் தேர்வாய் கண்டிகை போகும் வழியில் இருக்கும் ஒரு இரும்பு மில், தன் லாரிகள் எல்லாவற்றையும் ஒரே மேடையில் எடை போட ஆள் தேடுகிறது. அக்காவையும் கேட்டிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை - அன்றன்று போட்ட எடைகளை மாலையில் மெயிலில் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை ஒரு லாரி அனுப்பிப் பார்ப்பார்கள். சரிப்பட்டால் ஆர்டர் இங்கே. இல்லையென்றால் எதிர்ப்பக்கம்.

"அது போச்சுன்னா இத்த மூடிட்டு நானும் இறால் உரிக்கப் போவ வேண்டியதுதான்," என்றார் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஷெரீப் சிரிக்கவில்லை.

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ஒரு தாள், நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'மாற்றினால்', வலது பக்கம் 'மாற்றாவிட்டால்'. எனக்கு எதுவும் இப்படித்தான் யோசிக்க வரும். புடவை எடுப்பதற்கும் கோடு போடுவேன் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள்.

மாற்றாவிட்டால் என்ன ஆகும்? பழைய எடை புரோகிராம் கறுப்புத் திரையில் ஓடும் டாஸ் காலத்து ஆசாமி. எடையை எழுதிவைக்கும், சீட்டு அடிக்கும், அவ்வளவுதான். மெயிலுக்கு ஏற்ற ஃபைலாக மாற்றித் தராது. மாற்றித் தரும் புது புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் மெமரிக்கு எக்ஸ்பி போட்டால், அது எழுந்து நிற்பதற்குள் லாரியில் இருக்கும் இரும்பு துருப்பிடித்துவிடும். ஆக, கம்ப்யூட்டரே புதிதாக வேண்டும்.

மாற்றினால்? அக்கா புதிதாகப் பழக வேண்டும். மேடையின் ஒயர் புதுக் கம்ப்யூட்டரில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கணக்கைப் பத்திரப்படுத்த வேண்டும். எடை மாறிவிடுமோ என்ற பயம் அக்காவுக்கு. அது மட்டும் வேண்டாம் என்றேன். எடையைச் சொல்வது மேடைக்கு அடியில் இருக்கும் சென்சார். கம்ப்யூட்டர், அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் குமாஸ்தாதான். குமாஸ்தா மாறினால் மூட்டையின் கனம் மாறாது.

"அப்ப மாத்திரலாம்ன்ற."

"மாத்தலாம். ஆனா பழசைத் தூக்கிப் போடாதீங்க. ரெண்டு வாரம் பக்கத்துலயே இருக்கட்டும்."

இது என் புத்திசாலித்தனம் இல்லை. தொழிற்சாலையில் எதை மாற்றினாலும் பழையதைச் சுடச்சுட அருகில் வைத்திருப்போம். அது பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெரீப் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதுக் கம்ப்யூட்டருடன் வந்துவிட்டான். கூடவே ஒரு பிரிண்டர். கம்ப்யூட்டர் வாங்கினால் இலவசமாம். கலரில் அடிக்கும், சத்தமே வராது. அக்காவின் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சீட்டு அடித்தால் கூட்ரோட்டின் டீக்கடை வரை கேட்கும். பழைய கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் அப்படியே தூக்கி அறையின் மூலையில் வைத்தோம். மேடையின் ஒயர் பொருந்தியது. புது புரோகிராம் ஏறியது. சிவப்பு எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. மாலைக்குள் வேலை முடிந்தது. என் தாளில் இருந்த எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.

அக்காவுக்கு ஒரே ஒரு புகார்தான்.

"இன்னாம்மா இது, எல்லாத்துக்கும் எலிய புடிச்சி இழுக்கணுமா? எனுக்கு ரெண்டு பட்டன் இருந்தா போதும்."

அதற்கும் இரண்டு பட்டன் அமைத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு அங்கே போனேன். வெற்றியை நேரில் பார்க்கத்தான், வேறென்ன? மில்லின் லாரி வந்தது. பழைய இரும்பு லோடு. டிரைவர் ரமணய்யா, தடாவிலிருந்து வருபவர். மேடையில் ஏறினார், எண் அடங்கியது, அக்கா பட்டன் தட்டினார். வெள்ளை வெளேரென்ற தாளில், நீலத் தலைப்புடன், பூவைத்த பார்டருடன் சீட்டு வந்தது. பார்டர் ஷெரீப்பின் உபயம்.

"கல்யாணப் பத்திரிகையா நைனா?" என்று ஷெரீப்பைக் கேட்டுவிட்டு ரமணய்யா கிளம்பினார்.

நானும் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியவள்தான். டீ வந்தது, உட்கார்ந்தேன். டீ முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அதே லாரி திரும்பி வந்து நின்றது. லோடு அப்படியே இருந்தது.

"இன்னா பேஜாரு பண்றீங்க? கேட்டுல உள்ளயே வுடல. சீட்டு செல்லாதாம்."

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "எடை தப்பா?"

"எடையப் பத்தி ஒண்ணும் சொல்லலம்மா. தடவிப் பாத்தான், போடான்ட்டான்."

தடவிப் பார்த்தாரா? எனக்குப் புரியவில்லை. ஷெரீப்பின் பைக்கில் மில்லுக்குப் போனோம். கேட்டில் காவலர், காக்கிச் சட்டை, நரைத்த மீசை. மேஜைமேல் நம் சீட்டு கிடந்தது. பக்கத்தில் இருந்த பெரிய நோட்டில் லாரி எண்ணையும் எடையையும் மையால் எழுதியும் விட்டிருந்தார். எழுதிய பிறகுதான் தடவியிருக்கிறார்.

"இதுல இன்னா சார் குறை?" என்றான் ஷெரீப்.

அவர் வேறொரு லாரியின் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "பின்னாடி தடவும்மா."

தடவினேன். டாட் மேட்ரிக்ஸின் ஊசிகள் குத்திய ஒவ்வொரு எழுத்தும் தாளின் பின்பக்கம் சின்னச் சின்ன மேடுகளாகக் கட்டை விரலில் உரசின.

"இப்ப உன்னுத தடவு."

வழவழவென்றிருந்தது.

"போன வருசம் ஒர்த்தன் பிரவுசிங் சென்டர்ல கலர்ல அடிச்சிகினு வந்துட்டான். எடையே போடல, சீட்டு மட்டும் ஜோரா கீது. அதுலேர்ந்து ஆபீஸர் ஆர்டரு. குத்து இல்லாத சீட்ட உள்ள வுடாத. எதிர்க்க புதுசா போட்டுக்குறாங்களே, அவங்களும் மொத நாளு இப்பிடித்தான் வழவழன்னு குடுத்தாங்க. திருப்பி அனுப்பிட்டேன்."

மெயில் கேட்டது இதே மில்தான். மெயில் கேட்டவர் மாடியில் ஏசி அறையில் இருக்கிறார். தடவிப் பார்ப்பவர் கேட்டில் நிற்கிறார். இருவரும் ஒரே கம்பெனி. நான் மாடிக்காரர் சொன்னதை மட்டும் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

"வேற சீட்டு கொண்டாந்தா?" என்றேன்.

"கொண்டா. ஆனா எடை நான் எழுதுனதுதான் இருக்கணும். நோட்டுல அடிச்சித் திருத்துனா என் சீட்டு கிழிஞ்சிரும். பன்னெண்டு மணிக்குள்ள வரல, வண்டி ரிட்டர்ன்னு எழுதிருவேன்."

ரிட்டர்ன் என்றால் அக்காவின் ஆர்டரும் ரிட்டர்ன்.

திரும்பி வந்தோம். இலவச பிரிண்டரைக் கழற்றிவிட்டு மூலையில் இருந்த டாட் மேட்ரிக்ஸை மேஜைக்கு ஏற்றினோம். நல்லவேளை, புதுக் கம்ப்யூட்டரின் முதுகில் அந்த அகல கேபிளுக்கு இடம் இருந்தது. எக்ஸ்பி அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. காலையில் போட்ட எடையை மறுபடி பிரின்ட் கொடுத்தேன். கடகடவென்று டீக்கடை வரை கேட்டது. அக்காவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. சீட்டை எடுத்துப் பார்த்தால், தலையில் பெரிதாக 'டூப்ளிகேட்' என்று அடித்திருக்கிறது. ஒரே எடையை இரண்டாம் முறை அடித்தால் இந்த புரோகிராம் அப்படித்தான் போடும். நேர்மையான புரோகிராம். அந்த நேரத்தில் எனக்கு அதன்மேல் வந்த கோபம்...

கேட்டுக் காவலரிடம் 'டூப்ளிகேட்' என்று எழுதிய சீட்டை நீட்ட முடியுமா? வேறு வழியில்லை. லாரியை மறுபடி மேடையில் ஏற்றினோம். எண்கள் துள்ளின, அடங்கின.

அறுபது கிலோ குறைவு.

அக்கா என்னைப் பார்த்தார். குமாஸ்தா மாறினால் கனம் மாறாது என்று சொன்னவள் நான்தானே? சென்சாரில் கோளாறா, ஒயர் லூஸா, லோடில் எதுவும் இறங்கியதா - மனதுக்குள் கோடு போட ஆரம்பித்தேன். டீசலாக இருக்க முடியாது. மில்லுக்குப் போய்வர எவ்வளவு டீசல் ஆகிவிடும்?

ரமணய்யா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எவ்ளோம்மா கம்மி?"

"அறுபது."

"அட, அது நம்ம கிளீனரு. நாஷ்டா துன்னப் போய்க்கிறான்."

காலையில் எடை போட்டபோது கிளீனர் சேகர் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது அவர் எதிர்ப்பக்க ஓட்டலில். ஷெரீப் நெடுஞ்சாலையைத் தாண்டி ஓடினான். திரும்பி வரும்போது சேகரின் கையில் பாதி வடை.

"சாப்பிடக்கூட வுடமாட்டீங்களா? இன்னா அவசரம்?"

"ஏறி குந்துப்பா. உன் வெயிட்டு வேணும்."

"என் வெயிட்டா? எதுக்கு, பொண்ணு பாக்கவா?"

ஏறி உட்கார்ந்தார். சிவப்பு எண்கள் துள்ளின, அடங்கின. காலையில் வந்த அதே எண். இந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும் என்பதால், செலவான டீசலும் சேர்ந்த வடையும் கணக்கில் வரவில்லை. அக்கா பட்டன் தட்டினார். பிரிண்டர் அலறியது. சீட்டைக் கிழித்து, முன்பக்கத்தைப் படிக்கக்கூட இல்லை, திருப்பிக் கட்டை விரலால் தடவிவிட்டு ரமணய்யாவிடம் கொடுத்தார்.

பன்னிரண்டுக்குள் லாரி உள்ளே போய்விட்டது.

அன்று எனக்குப் பர்மிஷன் அரை நாள் லீவாக மாறியது. அதில் வருத்தமில்லை. ஒரு விஷயம் பிடிபட்டது. புது சிஸ்டத்துக்கு மாறலாமா என்று யோசிக்கும்போது நாம் மெஷினையே சுற்றி வருகிறோம். மெமரி போதுமா, கேபிள் பொருந்துமா, பழைய ஃபைல் திறக்குமா? இதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த மெஷினிலிருந்து வெளியே வரும் தாள் யார் கைக்குப் போகிறது, அவர் அதை எப்படி நம்புகிறார் என்று கேட்பதில்லை. கண்ணால் படித்து நம்புபவர் இருக்கிறார். விரலால் தடவி நம்புபவரும் இருக்கிறார். அவர்களுக்கு அப்கிரேட் சிடி வருவதில்லை.

எனவே எழுதிக் கேட்ட உங்களுக்கு என் பதில்: மாற்றுங்கள். மாற்றும் முன், உங்கள் கம்ப்யூட்டரைத் தொடவே தொடாத ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு ஆர்டர் கிடைத்துவிட்டது. மில் லாரிகள் இப்போது வரிசையாக இந்தப் பக்கம்தான் திரும்புகின்றன. தினமும் மாலையில் அக்கா அன்றைய எடைகளை மெயிலில் அனுப்பிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார். போன வாரம் முதல் முறையாக மில்லிலிருந்து ஒரு பதில் மெயில் வந்ததாம். படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன்.

மில்காரரின் மெயில் பெட்டி நிரம்பிவிட்டதால் எதுவும் உள்ளே போகவில்லை என்றிருந்தது.

"அப்ப யாரும் பாக்கறதில்லியா?" என்று கேட்டுவிட்டு, மேடையில் ஏறிக்கொண்டிருந்த அடுத்த லாரியைப் பார்த்துக் கையை ஆட்டினார் அக்கா. "பரவால்ல, நாம அனுப்பிகினே இருப்போம். கேட்டுல தடவிப் பாக்கறாரில்ல, அது போதும்."