எண்பதில் வரும் நடுக்கம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஒருவருக்குத் தெருவே கூடி ‘சாகசம்’ என்று பெயர் வைத்திருக்கிறது என்றால், அப்படி என்ன செய்துவிட்டார் என்று கேட்கத் தோன்றும். ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் அந்தப் பெயர். காலையில் கடைக்குப் போவார். வருகிறவர்களின் மூக்கையும் காதையும் அளந்து, சட்டத்தை வளைத்து நிமிர்த்திக் கொடுப்பார். சாயங்காலம் வீடு திரும்புவார். ஆனால் வாயைத் திறந்தால் காடு, மலை, பாறை, சேறு. வாசலில் பழைய ஜீப் ஒன்று நிற்கும். அது தார் ரோட்டை விட்டு ஒரு முழம் கீழே இறங்கியதில்லை.

அந்த ஜீப்பின் உண்மையான வேலை கேக் சுமப்பது. சாகசத்தின் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். கேக்கம்மா என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆர்டர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலை வழியாக அடுத்த ஊர் மண்டபங்களுக்குப் போகிறவை. பின்சீட்டில் கேக் பெட்டியை வைத்து, கேக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வார். முன்னால் சாகசம் ஓட்டுவார். வாரம் முழுக்க இவர் கடையிலும் அவர் அடுப்படியிலுமாக ஆளுக்கொரு பக்கம் கிடப்பார்கள். வாய் ஓயாமல் பேசிக்கொள்வது இந்தப் பயணத்தில்தான். இதைச் சாகசம் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஞாயிறு எப்போது விடியும் என்று சனிக்கிழமையே கிடந்து தவிக்கிற மனிதர் அவர்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் டயர் தேய்ந்தது. சாதாரண டயர் நான்கை வாங்கி மாட்டியிருக்கலாம். மனிதர் விடுவாரா? மணல், பாறை, சேறு எதிலும் ஓடும் ஆல் டெரெய்ன் டயர்களை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவற்றின் பள்ளங்களில் கட்டைவிரல் நுழைந்தது. புது மீசையைத் தடவுவது போல ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார்.

எதிர்வீட்டு வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. “டயர் பளபளன்னு இருக்கே சார், அப்படியே அலமாரில வெச்சிடுவீங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாகசத்துக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் மனைவி கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, ஜீப்பைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பூந்தொட்டியிலிருந்து மண்ணை அள்ளித் தண்ணீர் விட்டுக் குழைத்தார். மனைவி கேக்குக்குக் கிரீம் பூசும் தட்டைக் கத்திகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. நிஜச் சேறு ஒரே மாதிரியா ஒட்டும்? அதனால் ஓர் இடத்தில் கனமாகவும் ஓர் இடத்தில் லேசாகவும் பூசினார். நிஜச் சேறு வெளியில் மட்டுமா ஒட்டும்? கையை உள்ளே விட்டு, ரிம்மின் உட்புறத்திலும் கட்டி கட்டியாக அப்பினார். காலையில் அது காய்ந்து இறுகியிருந்தது.

“எந்தப் பக்கம் போயிட்டு வந்தீங்க சார்?” என்றார் வாத்தியார், இந்த முறை கொஞ்சம் மரியாதையோடு.

“சும்மா, மலைப்பக்கம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நடுக்கம் ஆரம்பித்தது. வேகம் அறுபதில் ஒன்றும் இல்லை. எழுபதில் ஏதோ முனகியது. எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் குளிர்ஜுரம் கண்டவன் கை மாதிரி உதறியது. சீட்டு அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது, சாகசம் பேசிய பேச்சே அதிர்ந்துகொண்டு வந்தது. மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது, கேக்கின் மேலிருந்த சர்க்கரை ரோஜாக்கள் எல்லாம் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் போல ஒரே ஓரத்தில் போய் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஆர்டர் கொடுத்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இது புது டிசைனா என்று கேட்டார்.

கேக்கம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. திரும்பி வரும்போது நிதானமாகச் சொன்னார்: “அடுத்த ஞாயிறு நாலடுக்கு கேக்குங்க. ஒரு தம்பதியோட வெள்ளி விழாவுக்கு. அதுக்குள்ள இந்த நடுக்கம் போகலைன்னா நான் தம்பி வேன்ல போயிடறேன். அப்புறம் எப்பவுமே அதுலதான்.”

தம்பியிடம் ஏசி வைத்த மூடு வேன் இருந்தது. “மாமாவை ஏன்க்கா ஞாயித்துக்கிழமைகூட கஷ்டப்படுத்தறே?” என்று அவன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறான். அதுதான் சாகசத்துக்குச் சிக்கல். கெட்டவன் என்றால் சண்டையாவது போடலாம்.

மறுநாளே டயர்க்கடைக்குக் கிளம்பினார். கிளம்புமுன் ஒரு காரியம் செய்தார்: ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்துச் சக்கரங்களை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினார். டயர்க்கடைக்காரர் மண்ணோடு புழங்குகிறவர். பூந்தொட்டி மண் எது, மலை மண் எது என்று பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டால் மானம் போய்விடுமே. இதே மனிதர்தான் தன் கடைக்குக் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வந்து ‘மங்கலாத் தெரியுது’ என்பவர்களிடம், “எப்படிப் போட்டுக்கறீங்களோ அப்படியே கொண்டு வாங்களேன்” என்று சிடுசிடுப்பவர்.

டயர்க்கடைக்காரர் சக்கரங்களைக் கழற்றி, மெஷினில் சுற்றவிட்டு, எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க ஈயத்துண்டுகளை ஒட்டி பேலன்ஸ் பார்த்தார். ஓட்டிப் பார்த்தால் எண்பதிலும் வெண்ணெய் மாதிரி ஓடியது. சாகசம் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாயங்காலம், வாத்தியார் கண்ணில் படுமுன் மறுபடி மண் பூசினார். மறுநாள் எண்பதில் உதறல்.

மறுபடி கழுவிக்கொண்டு போனார். டயர்க்கடைக்காரர் முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றினார். நட்டுகளை எதிரெதிராக வரிசை பார்த்து முடுக்கினார். ரிம் வளைந்திருக்கிறதா என்று விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தார். வளையவில்லை. ஓட்டினால் வெண்ணெய். வீடு, மண், உதறல். மூன்றாம் முறை போனபோது அந்த மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“சார், இங்க ஆடவே மாட்டேங்குது. வீட்டுக்குப் போனா ஆடுதுங்கறீங்க. ஆடுறப்போ அப்படியே கொண்டு வாங்க, நான் பாக்கறேன்.”

“அப்படியேன்னா?”

“அப்படியேன்னா அப்படியேதான். கழுவாம, துடைக்காம.”

“பாக்கலாம்,” என்று பிடிகொடுக்காமல் நழுவினார் சாகசம்.

இத்தனைக்குப் பிறகும் அவருக்கு மண்மேல் சந்தேகம் வரவில்லையா என்றால், வரவில்லை. அவர் கண்ணுக்கு அது மண்ணே இல்லை, மரியாதை. ஒருத்தர் தன் மரியாதையைச் சந்தேகப்படுவாரா?

சனிக்கிழமை மதியம், டயர்க்கடையிலிருந்து நேராக வந்து மனைவியைச் சோதனை ஓட்டத்துக்குக் கூட்டிப் போனார். கேக்கம்மா மடியில் ஒரு கிண்ணம் ஜெல்லியை வைத்துக்கொண்டார். எண்பதில் ஜெல்லி அசையாமல் இருந்தது. தொண்ணூறிலும் அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

“சரி, நாளைக்கு இதுலயே போகலாம்,” என்றார் கேக்கம்மா. சாகசத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே, நாளைக்குப் பெரிய மண்டபம், நாலு பேர் பார்ப்பார்களே என்று, சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து இதுவரை பூசாத அளவுக்கு மண் பூசினார்.

ஞாயிறு காலை கேக்கம்மாவின் கண் முழுக்கப் பெட்டியிலேயே இருந்தது, சக்கரத்தைக் கவனிக்கவில்லை. நெடுஞ்சாலையில் எழுபது வரை அவர் தன் அத்தை மகள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எண்பதில் கதை நின்றது. நாலடுக்குக் கேக் பெட்டிக்குள் டங்கு டங்கென்று ஆடியது.

“மெதுவாப் போங்க!”

ஐம்பதுக்கு இறக்கினார். கேக் அடங்கியது. ஆனால் ஐம்பதில் போனால் விழா முடிந்து நாற்காலி மடக்கும்போதுதான் போய்ச் சேர முடியும். கேக்கம்மா போனை எடுத்தார். “தம்பி, வேனை எடுத்துட்டு ஹைவேக்கு வாடா.”

அந்த நேரம் பார்த்து முன் சக்கரத்திலிருந்து கல் போல ஒன்று பிய்ந்து பறந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தது. ஓரமாக நிறுத்தினார்கள். கேக்கம்மா இறங்கிப் போய் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் ரிம்மின் வளைவு அச்சாகப் பதிந்திருந்தது. மறுபக்கம் வழவழவென்று, முடிவில் ஒரு சின்னச் சுழிப்போடு இருந்தது. கேக் ஓரத்தை முடிக்கும்போது அவர் கத்தி போடும் அதே சுழிப்பு. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த கணவருக்கு அது கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என் சின்னக் கத்தி எங்கேங்க? வாரம் பூரா தேடறேன்.”

சாகசம் சீட்டுக்கடியிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். முகத்தில் அசடு வழிந்தது. பூந்தொட்டி, வாத்தியார், மலைப்பக்கம், கழுவிக் கழுவி டயர்க்கடைக்குப் போனது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கேக்கம்மா மண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கோபம் மூக்குநுனி வரை வந்தது தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“சமமாப் பூசியிருந்தாக்கூட இவ்வளவு ஆடியிருக்காதே. ஒரு பக்கமா அப்பினா எது நிக்கும்?”

“இயற்கையா இருக்கணும்னு பாத்தேன்.”

அவ்வளவுதான், அந்தம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஜீப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தின் முன் உட்கார்ந்தார். அவர் கத்தியால் நெம்ப, சாகசம் கையால் பெயர்க்க, நான்கு ரிம்மும் சுத்தமாயின.

துடைத்து நிமிரும்போது வேன் வந்து நின்றது. தம்பி இறங்கி, மண்ணும் வியர்வையுமாக நின்ற இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான்.

“என்னாச்சுக்கா?”

சாகசம் தரையைப் பார்த்தார். இனிமேல் இந்தக் கதை குடும்பம் முழுக்கச் சுற்றும். ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று, மானமும் போயிற்று.

“மலைப்பக்கமா வந்தோம்டா,” என்றார் கேக்கம்மா. “ஒரே சேறு.”

தம்பி நம்பினானோ இல்லையோ, மாமாவை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தான். கேக் பெட்டியைப் பதமாகத் தூக்கி வேனுக்குள் வைத்து, வேனில் கூட வந்த பையனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். “ஏறுக்கா, நேரமாச்சு.”

“கேக்கை நீ கொண்டு போ. நான் இவரோட வரேன்.”

“கேக்கே இதுல வருது, நீ எதுக்கு அதுல?”

“அத்தை மகள் கதையைப் பாதியில விட்டுட்டேன்டா,” என்று சொல்லிவிட்டு, கேக்கம்மா ஜீப்பின் முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். விழாவுக்குப் போகும்போது கேக்கை அணைத்துக்கொள்ளாமல் அவர் அந்த வண்டியில் உட்கார்ந்து சாகசம் பார்த்ததே இல்லை. சாவியைத் திருகப் போனவருக்குக் கை நடுங்கியது.

“டயர் சரியாயிடுச்சுங்க,” என்றார் மனைவி. “இப்ப நீங்கதான் ஆடறீங்க. எடுங்க.”