‘வா’ என்றால் ஓடிப்போகும் நாய்

ஆந்திரா தனியாகப் பிரிந்துபோய், எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று பெரிய இடங்களில் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. சத்தியவேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் எங்கள் ஊர். அப்போது நாங்கள் மெட்ராஸ் பக்கம். நாளைக்கு எந்தப் பக்கம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. என் மாமனாருக்கு மட்டும் தெரியும். “எவன் வந்து கோடு போட்டாலும் நாம மெட்ராஸுதான்” என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்வார். தெலுங்கு அவருக்கு நன்றாகப் புரியும். ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டார். சந்தையில் தெலுங்குக்காரரிடம் மாடு பிடித்தால்கூடத் தமிழில்தான் பேரம்.

அந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நான். அம்மா வீட்டுச் சீரோடு ஒரு நாய்க்குட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்து இறங்கிய மருமகள் அந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு. குட்டிக்குச் செம்மண் நிற உடம்பு, மூக்கும் வாயும் மட்டும் கரி பூசின மாதிரி இருக்கும். கருவாயன் என்று கூப்பிட்டோம். வளர்ந்ததும் கொல்லைக் காவலுக்கு அவன்தான். மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றி, அவன் குரல் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடும்.

அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஆட்டைக் கண்டால் துரத்துவான். மாமனார் “வாடா இங்க!” என்று கத்துவார். வருவான். வந்ததும் புளிய விளாறால் நாலு வைப்பார். கொஞ்ச நாளில் ‘வா’ என்றாலே வாலை இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தான். திமிர் ஏறிவிட்டது என்று மாமனார் சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

எங்கள் ஊரில் கடலை பிடுங்கி முடித்த கொல்லையில் ஆட்டுப்பட்டி போடுவது வழக்கம். மந்தையை வளைத்து அங்கேயே தங்க வைப்பார்கள். புழுக்கைதான் அடுத்த வெள்ளாமைக்கு எரு. எங்கள் கொல்லைக்கு வருஷம் தவறாமல் பட்டி போடுகிறவள் ஓர் ஆட்டுக்காரம்மா. புருஷன் இல்லாமல் தனியாக மந்தையைக் கட்டி மேய்த்தவள். வாயைத் திறந்தால் ஊரே அடங்கும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, அவள் துண்டில் ஒரு செத்த குட்டியைச் சுமந்துவந்து எங்கள் வாசலில் கிடத்தினாள். கழுத்தில் பல் பட்டிருந்தது. அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“எங்குட்டி செத்துப்போச்சி. உங்க நாயி உசுரோட கீது. இது நாயமா? நீங்களே சொல்லுங்க.”

மாமனார் தலை குனிந்து நின்றார். பிறகு, “பொழுது சாயறதுக்குள்ள நாய்க்கு மருந்து வெச்சி முடிச்சிடறேன், போம்மா” என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.  என் அம்மா வீட்டிலிருந்து வந்த உயிர் அது. ஆனால் மாமனார் பேச்சுக்கு மேல் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அந்த வழக்கத்தை உடைத்தவள் என் ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு ஏர்பேட்டிலிருந்து அந்த வைகாசியில்தான் வந்திருந்தாள். எங்கள் ஜனம்தான். ஆனால் தலைமுறையாக அந்தப் பக்கமே இருந்ததால் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. என்னைவிடச் சின்னவள், ஒல்லி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வொத்து மாமா, மருந்து வேணா” என்றாள். ஆட்டுக்காரம்மாவைப் பார்த்து, “அம்மா, தப்பு நாயி மேல இல்ல, நாங்க வளத்ததுல. முதல்ல உங்க குட்டிக்குக் குட்டி எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, தன் அம்மா வீட்டிலிருந்து ஓட்டிவந்திருந்த பெட்டை ஆட்டுக்குட்டியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தாள்.

“கடலை புடுங்கற வரிக்கும் பொறுங்க. அதுவரிக்கும் நாயி உங்க ஆட்டுப் பக்கம் வராது, வெளிய வந்தா கயித்தோடதான் வரும். உங்க பட்டி எங்க கொல்லைக்கு வர்ற அன்னிக்கி நீங்களே பாருங்க. ஒரு ஆட்டத் துரத்தினாலும் மாமா சொன்னபடி செய்யட்டும். நான் வாயத் தொறக்கமாட்டேன்.”

ஆட்டுக்காரம்மா குட்டியின் பல்லைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். “பேச்சுக்காரிதான் நீ” என்றாள். “செரி. அன்னிக்கி வாலு ஆடினாலும் நான் சும்மா போவமாட்டேன், சொல்லிட்டேன்.”

அவள் போனதும் மாமனார், “இன்னாம்மா, வந்த உடனே நாய்க்கு வக்காலத்தா? கூப்பிட்டாக்கூட வராத நாயி அது” என்றார்.

“எப்டி வரும் மாமா? வந்தா அடி விழும்னு அதுக்குத் தெலுசு. ஆட்டத் துரத்தினதுக்கு அடிக்கிறோம்னு நீங்க நெனைக்கிறீங்க. வந்ததுக்கு அடிக்கிறாங்கன்னு அது நெனைக்குது.”

 மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு யாரோ கண்ணைத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் நாயோடு இருந்தவள் நான். இது எனக்குத் தோன்றவில்லையே!

அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள். முதல் வேலை சோறு. அதுவரை எங்கள் வீட்டில் நாய்க்கு என்று தனியாக எதுவும் கிடையாது, மிச்சம் மீதி விழுந்தால் உண்டு. அவள் ஒரு உடைந்த கல்தொட்டியைத் தேய்த்துக் கழுவி, காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் களி, பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீர் என்று வைத்தாள். “பசிச்ச நாயிகிட்ட ஒழுங்கு கேக்கறது பாவம் அக்கா” என்பாள்.

அடுத்தது கருவாடு. பழவேற்காட்டுக் கருவாடு வாரச்சந்தைக்கு வரும். அதில் கொஞ்சம் எடுத்து, உப்புப் போக ஊறவைத்து, மறுபடி காயவைத்து, நகக்கண் அளவுக்குக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொள்வாள். வேலி அடைத்த பின்வாசலில் கருவாயனுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். அவன் வாசனைக்கு மெல்ல எழுந்து வருவான். வந்துகொண்டிருக்கும்போதே “ரா” என்பாள், ஒரு துணுக்கு கொடுப்பாள், விட்டுவிடுவாள். பிடிக்கவும் மாட்டாள், கட்டவும் மாட்டாள். போய் விளையாடு என்று கையை அசைப்பாள்.

“ஏன் தெலுங்குல கூப்பிடற? அவன் தமிழ் நாயி” என்றேன்.

“இந்த வீட்ல ‘வா’ங்கற சொல்லு கெட்டுப்போச்சி அக்கா. அதக் கேட்டா அவனுக்கு முதுகு வலிக்கும். அடி படாத புதுச் சொல்லு ஒண்ணு வேணும். என்கிட்ட கீறது இதுதான்.”

கிணற்றுத் தாம்புக்கயிற்றைக் கழுத்தில் கட்டி, எட்ட விட்டுக் கூப்பிட்டாள். வந்தால் துணுக்கு. பிறகு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். தூரத்தில் மந்தை மேயும். மணிச்சத்தம் கேட்டதும் ஒரு துணுக்கு. ஆடு கத்தியதும் ஒரு துணுக்கு. அவன் கயிற்றை இழுத்துத் துடித்தால் திட்டமாட்டாள், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருவாள். ஆவணி கழிந்து புரட்டாசி வந்தபோது நானே பார்த்தேன். மணிச்சத்தம் கேட்டால் அவன் ஆட்டைப் பார்க்காமல் திரும்பி இவள் முகத்தைப் பார்த்தான்.  ஒரு கல் எடுக்காமல், ஒரு குச்சி ஒடிக்காமல் இதைச் செய்திருந்தாள்.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. மாமனாரோடு எல்லைப் பேச்சுப் பேசுகிறவர்கள் வாசலில் நின்று, “இன்னா பெரிவரே, ஊரு போறதுக்கு முன்னாடியே ஒங்க வூட்டு நாயி ஆந்திராவுக்குப் போயிட்சாமே!” என்பார்கள். மாமனார் வெற்றிலையை வேகமாக மெல்லுவார். ஓரகத்திதான், “ஆமாங்க, அங்கதான் கருவாடு போடறாங்களாம்” என்று உள்ளேயிருந்து பதில் கொடுப்பாள். அந்தத் தைரியம் எனக்கு வராது.

நடுவில் ஒன்று. கருவாட்டுச் சட்டி கணக்கில்லாமல் இறங்கிக்கொண்டே வந்தது. பூனை என்று நினைத்து உறியில் கட்டினோம். அப்போதும் குறைந்தது. எங்கள் ஊர்ப் பூனை கெட்டிக்காரப் பூனை என்று பேசிக்கொண்டோம்.

கடலை பிடுங்கி முடிந்தது. ஆட்டுக்காரம்மா மந்தையோடு எங்கள் கொல்லைக்கு வந்தாள். செய்தி பரவி, வரப்பில் ஆட்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மாமனார் எதிர்க்கோடியில், கிணற்று மேட்டில், எனக்கென்ன என்கிற மாதிரி நின்றார். நான் ஓரகத்தி பக்கத்தில். கருவாயன் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தான்.

“கவுத்தோட நிக்கிற நாய நம்பியா நான் பட்டி போடணும்? அவுத்து வுடு” என்றாள் ஆட்டுக்காரம்மா.

அவிழ்த்துவிட்டாள். மந்தை எங்களைத் தாண்டிப் போனது. புழுதி, மணிச்சத்தம், ஆட்டு வாசனை. கருவாயன் உடம்பு நடுங்கியது, ஆனால் அசையவில்லை. துணுக்கு வாங்கினான், அவள் முகத்தைப் பார்த்தான். கடைசி ஆடும் போயிற்று. நான் மூச்சு விட்டேன்.

அந்த நேரம் பார்த்து, பின்தங்கின குட்டி ஒன்று எங்களைக் கண்டு மிரண்டு, மந்தைக்குப் போகாமல் கிணற்றுப் பக்கம் துள்ளி ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் கருவாயன் அதன் பின்னால் பாய்ந்துவிட்டான்.

“ரா! ரா!” என்று ஓரகத்தி கத்தினாள். காற்று எதிர்க்காற்று. மந்தை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. அவள் குரல் பாதி வழியிலேயே கரைந்துபோனது. ஆட்டுக்காரம்மா கோலை ஓங்கிக்கொண்டு ஓடினாள். குட்டிக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ரா! கருவாயா, ரா!”

இடி இடித்த மாதிரி ஒரு குரல். கண்ணைத் திறந்தேன். கிணற்று மேட்டில் என் மாமனார். அத்தனை பேர் நடுவில், தெலுங்கில்.

கருவாயன் நான்கு காலையும் மண்ணில் ஊன்றி நின்றான். புழுதி அடங்கியது. குட்டி மந்தைக்கு ஓடிவிட்டது. அவன் திரும்பி, கிணற்று மேட்டைப் பார்த்து ஓடி, மாமனார் காலடியில் போய் நின்றான். அவர் கை பழைய பழக்கத்தில் மேலே போனது.  நாய் நகரவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு அந்தக் கையையே பார்த்தது.

கை இறங்கி இடுப்புக்குப் போனது. வெற்றிலைப் பையை எடுத்தார். உள்ளே விரலை விட்டார். வெளியே வந்தது வெற்றிலை இல்லை, கருவாட்டுத் துணுக்கு.

எனக்கு அப்போதுதான் விளங்கியது எங்கள் கெட்டிக்காரப் பூனை யார் என்று. யாரும் பார்க்காத நேரத்தில், கிணற்றடியில், அந்த ஒற்றைத் தெலுங்குச் சொல்லைச் சொல்லிச் சொல்லி அவரும் பழகியிருக்கிறார். அடித்த கையை நம்ப வைக்க அவர் எத்தனை துணுக்கு கொடுத்தாரோ, அது அவருக்கும் கருவாயனுக்கும்தான் தெரியும்.

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

ஆட்டுக்காரம்மா கோலைக் கீழே ஊன்றி, மூச்சு வாங்க நின்றாள். “பெரிவரே, நாயி தெலுங்கு கத்துக்கிச்சா, நீ கத்துக்கினியா?” என்றாள். வரப்பில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாமனார் அசரவில்லை. “நாய்க்கு இன்னா பாஷ புரியுதோ அதுல பேசணும். பட்டியப் போடும்மா, வெய்யில் ஏறுது” என்றார்.

பட்டி போட்டாள். அந்தக் குட்டியை மட்டும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகிறபோது கருவாயனை ஒரு முறை முறைத்துவிட்டு, ஓரகத்தியிடம், “நீ குடுத்த பெட்டை நல்லா துன்னுது. ஈனினா மொதக் குட்டி உனுக்கு” என்று சொல்லிப் போனாள்.

அதற்கப்புறம் எல்லைக்கோடு போட்டார்கள். எங்கள் ஊர் ஆந்திராவுக்குப் போயிற்று. மாமனாருக்கு அது பெரிய அடி. தாலுகா ஆபீசுக்குப் போனாலும் கடைசிவரை தமிழிலேயே பேசிவிட்டு வந்தார். ஆனால் சாயங்காலமானால் கிணற்று மேட்டிலிருந்து “ரா” என்று ஒரு குரல் வரும். கருவாயன் கிழவனாகி, காது மந்தமான பிறகும் அந்தக் குரலுக்கு எழுந்து போவான். பைக்குள் துணுக்கு இல்லாமல் மாமனார் ஒருநாளும் அவனைக் கூப்பிட்டதில்லை.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இதை நானே எழுதினேன், முடிக்கப் பல நாள் ஆயிற்று. என் ஓரகத்தி இப்போது இல்லை. நான் அதற்கப்புறம் ஐந்து நாய் வளர்த்தேன். வாசலில் போகிறவர் ஒருவரையும் அவை கடித்ததில்லை, ஒரு ஆட்டையும் துரத்தியதில்லை. வளர்த்ததில் எனக்குப் பெருமை, ஆனால் அந்தக் கைப்பக்குவம் அவளுடையது. இன்றைக்கும் நாயோ பிள்ளையோ, யாரை ‘வா’ என்று கூப்பிடுவதற்கு முன்னாலும், வந்தால் கொடுக்க என் கையில் என்ன வைத்திருக்கிறேன் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.