நாலு மூலை மஞ்சள்

யாராவது பிரெஞ்சுக் கடிதத்தோடு கடைக்குள் வந்தால் பொன்னம்பலம் உடனே கைநீட்டி வாங்கமாட்டார். முதலில் வலது கையைக் காற்சட்டையில் இரண்டு தரம் துடைப்பார். விரல்நுனிகளை மூக்கருகே கொண்டுபோய், மிளகாய்த்தூள் வாசம் போய்விட்டதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கடிதம் அரிசி மூட்டையின் மேல் விரியும். ஒவ்வொரு வரியின் கீழும் சுட்டுவிரலை நகர்த்தி, வாய்க்குள்ளேயே வாசித்து முடித்து, "பயப்பிடாதை, இன்னுமொரு பேப்பர் கேக்கிறாங்கள், அவ்வளவுதான்" என்பார்.

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ காய் என்ற தெருவில் மளிகைக்கடை போட்டு இருபத்தாறு வருஷம். அதற்கு முன் உணவகங்களில் கோப்பை கழுவினார். கடை நிமிர்ந்ததும் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர், பிறகு தலைவர். அறுபத்திரண்டாவது வயதில், அவர் குடியிருக்கும் புறநகரின் நகரசபைத் தேர்தலில் வாங்கும் வாக்குக்கேற்ப மேலிருந்து கீழாக இடம் கிடைக்கும் வேட்பாளர் பட்டியல் ஒன்று அவரை ஒன்பதாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டது. தமிழ் வாக்குகளுக்காகத்தான் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஆசை விடவில்லை. கடிதங்களை வாசித்தே களைத்துவிட்டார். அவை முடிவாகும் மேசையில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பட்டியலின் பெயர்கள் அச்சிட்ட வாக்குச்சீட்டுகளில் ஒரு கட்டு எடுத்து மனைவி கோசலையிடம் கொடுத்தார். அங்கே அந்தச் சீட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோய், உறையிலிட்டுப் பெட்டியில் போடலாம்.

"இஞ்சரும், எங்கடை ஆக்களின்ரை வீடுகளுக்கு நீர் போனால்தான் மரியாதை."

கோசலை முழங்கால் வலியோடு மாடி மாடியாக ஏறினார். பொன்னம்பலம் அந்த வாரம் முழுக்கக் கடையில்.

ஞாயிறு வாக்களிப்பு முடிந்ததும் பள்ளிக்கூட மண்டபத்திலேயே எண்ணத் தொடங்கினார்கள். பொன்னம்பலமும் எண்ண உட்கார்ந்த மேசையில், தபால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர் லாசரும் இருந்தார். எதிர்ப்பட்டியலின் ஆள்.

"என்ன முசியே, நாளைலேர்ந்து உங்கள மேயருன்னு கூப்பிடணுமா?"

"முதல்லை எண்ணும். பிறகு கூப்பிடலாம்."

லாசர் ஓர் உறையைப் பிரித்தார். கை நின்றது. சீட்டின் நாலு மூலையிலும் மஞ்சள். விரலால் தொட்டு வைத்த மஞ்சள்.

யாருடைய விரல் என்று பொன்னம்பலத்துக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணக் கார்டு கொடுக்கப் போகும்போதும் கோசலை அப்படித்தான் செய்வார். மஞ்சள் படாத காகிதத்தை நல்ல காரியத்துக்கு நீட்டுவது அவருக்குக் கூச்சம். அவர் இரண்டு கையாலும் கொடுத்ததை அந்த வீட்டுக்காரர்கள் பத்திரமாக வைத்திருந்து, அதையே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

அடுத்தடுத்து வந்தன. மொத்தம் இருபத்து மூன்று.

மேசையை நடத்தியவள் ஆனைஸ் என்ற இளம்பெண், நகரசபை ஊழியர். அடையாளம் வைத்த சீட்டு செல்லாது, தற்செயலாகப் பட்ட கறை என்றால் எண்ணலாம் என்றாள். பிறகு பொன்னம்பலத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரிந்திருக்கும், முசியே. இது சமையல் கறையா?" என்று கேட்டாள்.

லாசர் குனிந்து தமிழில் முணுமுணுத்தார். "ஆமான்னு சொல்லுங்க. கறி பட்டுடுச்சுன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

ஒரு சொல் போதும். பொன்னம்பலம் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலைகூடத் தவறவில்லை. எல்லாம் ஒரே அளவு.

"கறை இல்லை, மதாம்," என்று பிரெஞ்சில் சொன்னார். "வேண்டுமென்றே வைத்தது. நல்லது நடக்கட்டும் என்று நாங்கள் வைப்பது."

ஆனைஸ் செல்லாதவை என்ற கட்டத்தில் இருபத்து மூன்று என்று எழுதினாள். ஊர் முழுக்க எண்ணி முடித்தபோது அவருடைய பட்டியலுக்கு எட்டு இடம். இன்னும் பதினைந்து வாக்கு விழுந்திருந்தால் ஒன்பது.

வாசலில் லாசர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே வார்த்தை, முசியே! நான்தான் வாய மூடிக்கிறேன்னு சொன்னேனே."

"அவ வைச்சதை நான் எப்பிடி ஊத்தை எண்டு சொல்லுறது, லாசர்?"

லாசர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வீட்டில் கோசலையிடம் பொன்னம்பலம், "கொஞ்சத்திலை தவறிப்போச்சு" என்று மட்டும் சொன்னார்.

பல வாரங்களுக்குப் பிறகுதான் லாசருக்கு இன்னொன்று தெரிய வந்தது. கோசலைக்கு அந்தத் தேர்தலில் வாக்கே இல்லை. குடியுரிமை நேர்முகத்தில் பிரெஞ்சு வராமல் இரண்டு தடவை திரும்பியவர். முப்பத்தொரு வருஷமாகியும் இன்னும் அகதி அட்டைதான்.