விற்கப்போன லென்ஸ்

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை இரண்டு லென்ஸ்களோடு வாங்கினேன். ஐம்பது எம்.எம். லென்ஸில் எடுத்த படங்கள் நன்றாக வந்தன. முப்பத்தைந்தில் எடுத்த என் மகளின் பிறந்தநாள் ஃபிலிமைப் பிரிண்ட் போட்டால் முழுக்கக் கறுப்பு. கழுவிக் கொடுத்த திருப்பதி ஸ்டூடியோக்காரரைக் கண்டபடி திட்டினேன். பிறகு லென்ஸில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ஐம்பதை வைத்துக்கொண்டு முப்பத்தைந்தைப் பாதி விலைக்கு விற்கக் கிளம்பினேன்.

வாங்க வந்தவர் ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் ஒரு பெண். லென்ஸைக் கேமராவிலேயே மாட்டி எடுத்துப்போனேன்; ரேணிகுண்டா ஸ்டேஷனில் சந்தித்தோம்.

"படம் கறுப்பாத்தாம்மா விழும். தெரிஞ்சே வாங்கிக்கோ" என்றேன்.

"என்னிய ஒரு படம் எடுங்கண்ணா, பாக்கலாம்."

எடுத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாண்ணா, லென்ஸ் மூடியே கயட்டலையே!"

"நீ நல்லாத்தானே தெரிஞ்சே!"

"இதுல நாம பாக்குற ஓட்டை வேற, லென்ஸ் வேறண்ணா. மூடிக்கினு இருந்தாலும் தெரியும்."

ஐம்பது எம்.எம். லென்ஸுக்கு வாங்கும்போதே மூடி இல்லை. அதனால்தான் அதில் மட்டும் படம் விழுந்திருக்கிறது. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இத விக்காதீங்கண்ணா" என்று லென்ஸை என்னிடமே கொடுத்தார். வாயே திறக்காமல் பாதி விலைக்கு வாங்கிப் போயிருக்கலாம்.

மூடியைக் கழற்றி அவரை மறுபடி எடுத்தேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் சண்டைக்குப் போகிறவன் நான். அந்தச் சிரிப்பை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.