கொலோனில் அக்கா ஏற்றிய மெழுகுதிரி

ஜெர்மனியில் நான் வசிக்கும் டோர்ட்மண்டிலிருந்து கொலோனுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே அந்தப் பேராலயம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். ஒருநாளும் உள்ளே போனதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து விசா கிடைத்து வந்த அக்காதான் பார்க்க வேண்டும் என்றார்.

வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். இரட்டைக் கோபுரங்கள் மழையிலும் புகையிலும் கறுத்திருந்தன. நுனிவரை கல்லைச் சரிகைப் பின்னல் போலக் குடைந்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் சாரம் கட்டியிருந்தது.

"இன்னும் கட்டி முடியேல்லையோ, தம்பி?"

"பல நூறு வருஷம் முடியாமல் கிடந்ததாம் அக்கா. பிறகு முடிச்சிட்டாங்கள்."

"அப்ப உந்தச் சாரம் என்னத்துக்கு?"

எனக்கும் தெரியவில்லை. உள்ளே சிவப்பு அங்கியோடு நின்ற காவலரிடம் கேட்டேன். அக்கா அவரைப் பாதிரியார் என்று நினைத்துக் கைகூப்பினார். ஒரு பக்கத்தைத் திருத்தி முடிப்பதற்குள் மற்றப் பக்கத்துக் கல் உதிரத் தொடங்கிவிடும், வேலை நிற்பதேயில்லை என்றார் அவர். அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப முடியேல்லை எண்டு சொல்லன்."

தூண்கள் கட்டுக்கட்டாக மேலே போய், உச்சியில் விரிந்து ஒன்றையொன்று பிடித்திருந்தன. ஒரு பெரிய ஜன்னலில் புனிதர் எவரும் இல்லை, வெறும் நிறச் சதுரங்கள். அதன் வெளிச்சம் அக்காவின் சேலையில் சிவப்பும் பச்சையுமாக விழுந்தது.

"இதிலை ஆரைக் கும்பிடுறது?" என்று கேட்டுக்கொண்டே மாதா சிலைப் பக்கம் போனார். அங்கே ஒரு மெழுகுதிரியை ஏற்றி, தன் மகனின் பெயரை வாய்விட்டுச் சொன்னார்.

நான் திடுக்கிட்டுப் போனேன். போர் முடிந்த நாட்களில் காணாமற்போனவன் அவன். அக்கா அவனுக்கு ஒரு விளக்கு வைத்ததில்லை, திவசம் செய்ததில்லை. செய்தால் அவன் செத்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பார்.

"அவன் வரவேணும் எண்டு ஏத்தினியளோ அக்கா, இல்லாட்டி..."

"தெரியேல்லையடா. எல்லாரும் ஏத்தீனம், நானும் ஏத்தினன்."

திரும்பும் ரயிலில் அந்தத் தூண்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மனம் ஆறிவிட்டதாக நினைத்தேன். அவர் ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் தொலைபேசியில் தயங்கித் தயங்கி, "இந்த வருஷம் அவனுக்கு ஏதும் செய்யப் போறியளோ?" என்று கேட்டேன்.

"விசர்க்கதை கதையாதை," என்றார் கோபமாக. "அவன்ரை சேட்டெல்லாம் தோய்ச்சுக் காயப்போட்டிருக்கிறன். மழை வரப்பாக்குது, ஃபோனை வைக்கிறன்."

அன்று அந்தப் பேராலயத்தில் அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.