ஐந்து ட்ரயலும் ஒரு கழுதையும்

1. நான்காவது தரம்

ரொசாலினுக்கு நான்காவது தரமும் பெயில் போட்டு, ‘சித்தியில்லை’ என்று எழுதியபோது நேரம் காலை 9.52. காரணம் எழுதும் பெட்டியில் ‘கழுதை’ என்று எழுதினேன். முதல் மூன்று தரமும் அதே சொல்லைத்தான் எழுதியிருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஆகவே நாட்குறிப்பைப் பார்த்தே எழுதுகிறேன். நான் சாரதிப் பரீட்சை எடுக்கும் பரிசோதகர். சனங்கள் அதை ட்ரயல் என்பார்கள். செவ்வாய்க்கிழமைகளில், மன்னார்த் தீவின் கரையோரமாக உள்ள ஒரு வெறுந்தரையில் ட்ரயல் நடக்கும். பரல் எனப்படும் காலித் தகரப் பீப்பாய்களை நிறுத்திப் பாதை போடுவோம். பரீட்சார்த்தி அதற்குள் வான் வண்டியை ஓட்டி, கோட்டில் நிறுத்தி, ரிவேர்ஸில் பெட்டிக்குள் விட்டு, வெளியே வரவேண்டும். பத்து நிமிடம். நான் பக்கத்து சீற்றில் இருப்பேன். பேசமாட்டேன்.

மன்னாரில் கழுதை புதினமல்ல. ஆனால் அந்தச் சாம்பல் நிறக் கழுதை ரொசாலினின் ட்ரயலுக்கு மட்டும் வந்தது. இரண்டாம் பரலுக்கும் மூன்றாம் பரலுக்கும் நடுவில் வந்து, வானைப் பார்த்தபடி நின்றது. ரொசாலின் ஹோர்ன் அடித்தார். கழுதை ஒரு காதைத் திருப்பியது. நான் இறங்கி அதைத் துரத்தவில்லை. துரத்தினால் அது பரீட்சார்த்திக்குச் செய்யும் உதவி. பத்து நிமிடம் முடிந்தது.

“சேர், நான் பிழையா ஓடினனானோ?”

“இல்லை. நீங்கள் ஓடவே இல்லை.”

ரொசாலின் ஓலைத்தொடுவாயைச் சேர்ந்தவர். முப்பத்துநான்கு வயது, இரண்டு பிள்ளைகள். கணவருக்கு முதுகுவலி வந்து கடலுக்குப் போவது நின்றுவிட்டது. முன்பள்ளி ஒன்றை நடத்தும் சிஸ்ரர் அங்கே வான் ஓட்டும் வேலையை அவருக்காக வைத்திருந்தார்.

“தை மாசம் பள்ளிக்கூடம் துவங்க முதல் லைசன் வேணுமாம் சேர். இல்லாட்டி வேற ஆளாம். அடுத்த செவ்வாய்தான் கடைசி.”

நான் படிவத்தில் கையொப்பமிட்டேன். அதைத்தான் அன்றைக்கு என்னால் செய்ய முடியும் என்று நினைத்தேன்.

2. நசீரின் மனமாற்றம்

ரொசாலினுக்கு ஓட்டம் பழக்கியவர், லேனர்ஸ் என்ற சாரதிப் பயிற்சி நிலையம் வைத்திருக்கும் நசீர்; ரொசாலின் அண்ணன் முறையில் ‘நசீர் நானா’ என்பார். முன்பு அவர் பழகுபவர்களைத் திட்டுவார். அந்தச் சொற்களை நான் நாட்குறிப்பில் எழுதுவதில்லை, கோடு போட்டு விடுவேன். ஒருநாள் முருங்கனில் நடந்த மனமாற்றப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தார். காலையில் போனவர் மாலையில் வேறு ஆளாகத் திரும்பினார். அதன்பின் எனக்குக் கோடு போடும் வேலை இல்லை.

வானின் டாஷ்போட்டில் ஒரு வாசகம் ஒட்டினார்: ‘என்ர வழி திறந்திருக்கு. எனக்குரியது என்னட்ட வருது.’ ட்ரயல் தொடங்க முன் பரீட்சார்த்தி கண்ணை மூடி, இதை மூன்று தரம் சொல்ல வேண்டும். பெயிலானால் பத்துத் தரம்.

“நசீர், கண்ணை மூடச் சொல்லாதேங்கோ. எஞ்சின் ஓடுது.”

“வெளிக்கண்ணைத்தான் மூடினது சேர். உள்கண் திறந்திருக்கு.”

“ரோட்டு வெளியிலைதான் கிடக்கு.”

“அதுதான் உங்களுக்கு இன்னும் புரமோசன் வரேல்ல.”

மூன்றாவது தரம் கழுதை வந்தபோது, நசீர் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். “சத்தம் காணாது பிள்ளை. முணுமுணுத்தா ஆருக்குக் கேக்கும்? வயித்தாலை சொல்லுங்கோ!” நான்காவது தரம் ரொசாலின் வயிற்றால் சொன்னார். வீதியால் போன ஐஸ் வியாபாரி சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

3. ஒரு நிரல்

சனிக்கிழமைகளில் அந்த வாரக் குறிப்புகளைத் தூய பிரதியாக எழுதுவது என் வழக்கம். அந்தச் சனிக்கிழமை ரொசாலினின் நான்கு ட்ரயல்களையும் ஒரே பக்கத்தில் நிரலாகப் போட்டேன். வாசகம் சொல்லி முடித்து எவ்வளவு நேரத்தில் கழுதை வந்தது என்பது முதல் நிரல்.

முதல் தரம் ஏழு நிமிடம். இரண்டாம் தரம் நான்கு. மூன்றாம் தரம் இரண்டு. நான்காம் தரம் முப்பத்தைந்து விநாடி.

ரொசாலினின் நம்பிக்கை வளர வளர, கழுதையின் வேகமும் வளர்ந்திருந்தது.

பக்கத்து நிரலில் ட்ரயலுக்குப் பிறகு நடந்தவை இருந்தன. நான்கு தரமும் ஒரே வசனம்: ‘பரீட்சார்த்தி உடைமரத்தடியில் இருந்து பணிஸ் சாப்பிட்டார். பாதியைக் கழுதைக்குக் கொடுத்தார். உதடு அசைந்தது.’

பெயிலானால் பத்துத் தரம். உதடு ஏன் அசைந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேனையை மூடிவைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். எழுதியவனும் நான், வாசிக்காதவனும் நான்.

4. ஐந்தாவது தரம்

செவ்வாய் காலை 9.10. ரொசாலின் சாரதி சீற்றில் ஏறினார். இந்த வேலையில் முதன்முறையாக, ட்ரயலுக்கு முன் ஒரு பரீட்சார்த்தியிடம் கேள்வி கேட்டேன்.

“கழுதைக்குப் பணிஸ் குடுக்கேக்க என்ன சொல்லிக்கொண்டு குடுத்தனீங்கள்?”

“நசீர் நானா சொல்லித் தந்ததைத்தான் சேர். என்ர வழி...” பாதியில் நிறுத்தி வாயைப் பொத்தினார். டாஷ்போட்டைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். “ஐயோ மாதாவே! நானே கூப்பிட்டுக்கொண்டு இருந்தனானோ?”

“நான் ஆலோசனை சொல்லக்கூடாது. தொடங்குங்கோ.”

அவர் வாயைத் திறக்காமல் எஞ்சினை ஸ்ராட் செய்தார். தரையின் ஓரத்தில் நின்ற நசீருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டார்.

“ஏன் பிள்ளை சொல்லேல்ல? நான் சொல்லுறன்! என்ர வழி திறந்திருக்கு! எனக்குரியது என்னட்ட வருது!”

இருபது விநாடியில் வந்தது. இம்முறை தனியாக வரவில்லை, மூன்றாக வந்தது. இரண்டாம் பரலுக்கும் மூன்றாம் பரலுக்கும் இடையே வரிசையாக நின்றன.

ரொசாலின் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஒரு நிமிடம் போனது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஹாண்ட் பிறேக்கை இழுத்தார். கியரை நியூற்றலில் போட்டார். எஞ்சினை நிறுத்தினார். பெல்ற்றைக் கழற்றி, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, கதவைத் திறந்தார்.

“இறங்காதை பிள்ளை! இறங்கினா பெயில்!” என்று நசீர் கத்தினார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் வேலைக்கு வந்த முதல் நாள் எனக்கு முன் இருந்த பரிசோதகர் சொன்னது அது. பேனை படிவத்தின் காரணப் பெட்டிக்குப் போய்விட்டது. எழுதும்முன், மடியில் இருந்த வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்தேன். இத்தனை வருடமும் அதன்மேல் வைத்துத்தான் படிவம் எழுதியிருக்கிறேன். சாரதி இறங்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. வாகனத்தைப் பத்திரப்படுத்தாமல் இறங்கக்கூடாது என்றுதான் இருந்தது.

ரொசாலின் பையில் இருந்த பணிஸை எடுத்து, மரத்தடிக்கு நடந்து, மூன்றாகப் பிய்த்து வைத்தார். கழுதைகள் அவருக்குப் பின்னால் ஒழுங்காகப் போயின. திரும்பி வந்து ஏறி, பெல்ற் போட்டு, கண்ணாடி பார்த்து, வானை எடுத்தார். ரிவேர்ஸில் ஒரு பரலும் அசையவில்லை. முடிந்தபோது எட்டு நிமிடம் நாற்பது விநாடி.

“ஏன் இறங்கினீங்கள்?” என்று கேட்டேன்.

“வழி திறந்திருக்கெண்டு எத்தனை தரம்தான் சொல்லுறது சேர்? போய்த் திறந்துவிட்டிட்டு வந்தனான்.”

படிவத்தில் ‘சித்தி’ என்று எழுதினேன். முதல் நாலு தரமும் புத்தகத்தைப் பார்க்காததற்கு மன்னிப்புக் கேட்டேன். நாட்குறிப்பில் இருக்கிறது: 9.31, மன்னிப்பு.

“நானும்தான் சேர். ஆரோ சொன்னதை நம்பிக்கொண்டு நாலு தரம் சீற்றிலயே இருந்தனான்.”

நசீர் ஓடி வந்தார். “பாத்தீங்களோ சேர், நம்பிக்கை வேலை செய்யுது!” நான் மறுக்கவில்லை. கழுதைகளைப் பொறுத்தவரை அது வேலை செய்ததுதான்.

5. புதியவர்களுக்கு

தை மாதம் ரொசாலினின் வான் எங்கள் தரைக்கு முன்னால் போகத் தொடங்கியது. ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார். நல்லது நடக்கும் என்று நினைப்பதில் பிழை இல்லை. நினைத்தபின் ஹாண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கவும் வேண்டும். என் பங்குக்கு, இப்போது ஒவ்வொரு பரீட்சார்த்தியிடமும் தொடங்கும்முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: “எதுக்குப் பயம்?”

போன செவ்வாய் ஒருவர் சொன்னார்: “உங்களுக்குத்தான் சேர்.”

அதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை. நாட்குறிப்பில் எழுதி, சனிக்கிழமை மறக்காமல் வாசித்தேன்.